பங்கசு நோய்களுக்கு வேப்பம்பருப்புச் சாறு

பண்டத்தரிப்பிலும் அதனையடுத்த வலிகாமத்து ஊர்களிலும் தோட்டத்திற்கு இறைக்கும் நீரும் குடிக்கும் நீரும் சுண்ணக்கற்படையிலிருந்தே கிடைக்கின்றன. வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டிலே மாரிமழைதான் கிணறுகளை நிரப்புகின்றது. தோட்டத்தில் இடும் உரமும் மருந்தும் அம்மழையோடு கல்வெடிப்புகளினூடே கீழிறங்கக்கூடும். ஆதலாற் பங்கசுநாசினியை மிகையாகத் தெளிப்பதனால் வரும் நட்டம் பணநட்டம் மாத்திரமன்று. 2021ஆம் ஆண்டில் விவசாய இரசாயனங்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீங்கும்வரை கமக்காரர் பட்ட இடரும் மறக்கற்பாலதன்று.

நெல்லின் மடல் அழுகல் நோய்க்கு வேப்பம்பருப்புச் சாற்றைக் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபார்சு செய்துள்ளது. ஏக்கருக்குப் பருப்பு 10 கிலோ, நீர் 200 லீற்றர். குடலைப் பருவத்தில் ஒருமுறையும், 15 நாட்களின் பின் மறுமுறையும் தெளித்தல் வேண்டும்.

உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சதை நீக்கி, விதையை நிழலில் உலர்த்துக. பூஞ்சணம் பிடித்த விதை உதவாது. கோது நீக்கிய பருப்பு 500 கிராமை உரலில் இடித்துத் துணியிற் பொட்டலமாகக் கட்டி, நீரில் இரவு முழுவதும் ஊறவிடுக. காலையிற் பால்போன்ற சாறு வரும்வரை பிழிந்து வடித்து, நீர் சேர்த்து 10 லீற்றராக்குக. சிறிது சவர்க்காரக் கரைசலுங் கலந்து, அன்று மாலையே தெளிக்க வேண்டும். வெயில் இதன் வீரியத்தைக் கெடுக்கும்.

வெங்காயத்தின் ஊதாக்கறை நோயில் இத்துணை உறுதி கூறுதற்கில்லை. வேம்பு, உள்ளி ஆகியவற்றின் சாறுகள் அப்பங்கசின் வளர்ச்சியை ஆய்வுகூடத்திற் குறைத்துள்ளன. தோட்டத்திலோ மழையும் பனியும் பலனை மாற்றிவிடும். மெழுகுபூத்த தாளிற் சாறு வழிந்தோடுமாதலாற் சவர்க்காரம் இங்கு இன்றியமையாதது. நோய் காணுமுன் தெளித்தாற் பயனுண்டு; தாள் கருகியபின் தெளிப்பது வீண் வேலை. சென்ற போகத்துத் தாள்களைத் தோட்டத்தில் விடாது அகற்றுவதே முதல் வைத்தியம். நோய் விரைந்து பரவின், விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு உரிய பங்கசுநாசினியை உரிய அளவில் உபயோகிக்கத் தயங்கவேண்டாம். கருவியைக் கிணற்றடியிற் கழுவாதீர்.

புகையிலைக் கஷாயத்தையும் இதற்குச் சிலர் கருதுவர். அது பூச்சிக்கேயன்றிப் பங்கசுக்கன்று, மனிதருக்கும் நஞ்சு. புகையிலையிலிருந்து தேமல் நோய் மிளகாய்க்குந் தொற்றும்.

முதன்முறை தெளிப்போர் இரண்டொரு பாத்திகளைத் தெளியாது விட்டு, வாரந்தோறும் இரண்டையும் ஒப்பிட்டுக் குறித்து வருவாராக.