ரிக்ஷாக்காரரின் பைனாகுலர்

ராஜஸ்தான் மாநிலத்தில் பரத்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊரை ஒட்டி ஒரு பெரிய பறவைகள் சரணாலயம். அதன் பெயர் கேவலாதேவ் தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். நீர்நிலையும் புல்வெளியும் முள்காடும் கலந்த இடம் அது. குளிர்காலம் வந்தால் இமயமலைக்கு அப்பாலிருந்து பறவைகள் வந்து இறங்கும். சைபீரியக் கொக்கு என்ற வெள்ளைக் கொக்கும் முன்பு வந்தது. 2002-ஆம் ஆண்டுக்குப் பிறகு அது வரவில்லை.

ஒரு காலத்தில் இது மன்னரின் வேட்டைக்காடு. 1938-ல் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். பெருமையாக அந்தக் கணக்கைக் கல்லில் வேறு வெட்டி வைத்தார்கள். இப்போது துப்பாக்கிக்கு அங்கே வேலை இல்லை. வருகிறவர்கள் கையில் இருப்பது பைனாகுலர்.

பூங்காவைச் சைக்கிள் ரிக்ஷாவில் சுற்றிப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். ரிக்ஷா ஓட்டுகிறவர்கள் பறவைகளை அடையாளம் காணப் பயிற்சி பெற்றார்கள். அவர்களே வழிகாட்டிகளும் ஆனார்கள். தூரத்து மரத்தில் தூங்கும் ஆந்தையை அவர்கள் வெறும் கண்ணாலேயே கண்டுபிடித்து விடுவார்கள். ஆனால் சவாரி வந்தவருக்கு அதைக் காட்ட வேண்டுமே! அதற்குத்தான் பைனாகுலர். தையல்காரருக்குக் கத்தரி எப்படியோ, இவர்களுக்கு இது அப்படி.

புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒருவர் பைனாகுலர் வாங்கப் போகிறார் என்று வைத்துக் கொள்வோம். பல நாள் கூலியில் மிச்சம் பிடித்த பணம் மடியில் இருக்கிறது. கடைக்காரர் இரண்டை எடுத்து மேசைமேல் வைக்கிறார்.

“பாயி, இது 8 மடங்கு பெரிதாகக் காட்டும். இது 20 மடங்கு. விலை இரண்டுக்கும் ஒன்றுதான். எது வேண்டும்?”

யாருக்கும் 20-ஐ எடுக்கத்தான் கை நீளும். அங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

பைனாகுலரின் மேல் இரண்டு எண்கள் போட்டிருக்கும். 8 × 42 என்று இருக்கும். அல்லது 10 × 50 என்று இருக்கும். முதல் எண், பொருளை எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதைச் சொல்கிறது. 8 என்றால், 80 மீட்டர் தூரத்தில் உள்ள நாரை 10 மீட்டர் தூரத்தில் நிற்பது போலத் தெரியும். இரண்டாவது எண், முன்பக்கத்துப் பெரிய லென்சின் அகலம். 42 என்றால் 42 மில்லிமீட்டர்.

20 மடங்கு நல்லதுதானே? இல்லை. எவ்வளவு திடமான ஆளுக்கும் கை கொஞ்சம் நடுங்கும். பைனாகுலர் பறவையை மட்டுமா பெரிதாக்குகிறது? அந்த நடுக்கத்தையும் 20 மடங்கு ஆக்குகிறது. படம் ஆடிக்கொண்டே இருக்கும். பார்த்த கண் வலிக்கும். கையில் பிடித்துப் பார்க்க 7 அல்லது 8 மடங்கு வசதி. 10 மடங்கு வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் மூன்று கால் தாங்கி வேண்டும்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. அது காட்சியின் அகலம்.

பைனாகுலரில் கண் வைத்தால் ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்துக்குள் எவ்வளவு இடம் அடங்குகிறது? பல பைனாகுலர்களில் இதையும் எழுதியிருப்பார்கள். 129 மீ / 1000 மீ என்று இருந்தால், 1000 மீட்டர் தூரத்தில் 129 மீட்டர் அகலம் தெரியும் என்று பொருள். சில கருவிகளில் 1000 கெஜ தூரத்துக்கு இத்தனை அடி என்று இருக்கும். அப்போது 3-ஆல் வகுத்தால் போதும். 387 அடி என்றால் அதே 129 மீட்டர் கணக்குத்தான்.

நல்ல 8 மடங்குக் கருவி 120 முதல் 140 மீட்டர் வரை காட்டும். 20 மடங்குக் கருவி 50, 55 மீட்டரோடு நின்றுவிடும்.

இதை ஒரு மரத்தில் வைத்துப் பாருங்கள். 100 மீட்டர் தூரத்தில் ஒரு கருவேல மரம். அதில் ஒரு மீன்கொத்தி. 8 மடங்குக் கருவியில் 13 மீட்டர் அகலம் தெரியும். மரம் முழுவதும் வட்டத்துக்குள் வந்துவிடும். “வலப்பக்கக் கிளை, நுனியில் பாருங்கள்” என்று சொன்னால் போதும். 20 மடங்கில் 5 மீட்டர்தான் தெரியும். ஏதோ ஒரு கிளை தெரியும். அது எந்தக் கிளை? வந்தவர் “எங்கே, எங்கே?” என்று தேடுவார். மீன்கொத்தி அவருக்காகக் காத்திருக்காது. பறவையைப் பார்க்காமல் திரும்புகிறவர் அடுத்த நாள் வேறு ரிக்ஷாவைத் தேடுவார்.

ஆகவே வெளி இடங்களுக்கு அகலக் காட்சி முக்கியம். பறக்கும் பறவையைப் பின்தொடரவும் அதுவே உதவும். அகலம் கூடினால் வட்டத்தின் ஓரம் கொஞ்சம் மங்குவது உண்டு. நடுப்பகுதி தெளிவாக இருந்தால் அதைப் பொறுத்துக் கொள்ளலாம். பாதி வட்டமே மங்கினால் வாங்க வேண்டாம்.

இனி இரண்டாவது எண். லென்ஸ் பெரிதானால் வெளிச்சத்தை அதிகமாக வாங்கும். பறவைகள் மும்முரமாக இருப்பது விடியற்காலையிலும் மாலையிலும். அப்போது வெளிச்சம் குறைவு. அதனால் 25 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள சட்டைப்பைக் கருவி போதாது. 50 நல்ல வெளிச்சம் தரும். ஆனால் கனம் ஒரு கிலோவை நெருங்கும். நாள் முழுவதும் கழுத்தில் தொங்க வேண்டுமே. 42 நடுவானது.

ஒரு சின்ன வகுத்தல் கணக்கும் உண்டு. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுக்க வேண்டும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5-க்குச் சற்று மேல். கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயதாக ஆக அது சுருங்கும். ஐம்பது வயதுக்காரருக்குப் பெரும்பாலும் 5 மில்லிமீட்டரே. ஆகவே விடை 5-ஐ ஒட்டி வந்தால் இரவிலும் அந்தக் கருவி பயன்படும். 20 × 50 என்றால் விடை இரண்டரைதான். அது மங்கலாகத்தான் தெரியும்.

கடையிலேயே சில சோதனைகள் செய்யலாம். பைனாகுலரைக் கை நீளத்தில் பிடித்து, வெளிச்சமான சுவரைப் பார்த்து நீட்ட வேண்டும். கண் வைக்கும் பக்கத்தில் இரண்டு வெளிச்சப் பொட்டுகள் தெரியும். அவை முழு வட்டமாக இருக்க வேண்டும். மூலை வெட்டிய சதுரம் போலத் தெரிந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிப் பட்டகம் மட்டமானது. பிறகு முன் லென்சில் டியூப் லைட் விழும்படி சாய்த்துப் பார்க்க வேண்டும். பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கலாகத் தெரிந்தால் மேற்பூச்சு இருக்கிறது. பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சு இல்லை. ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் பளபளக்கும் லென்ஸ் கண்ணைக் கவரும். அதில் பறவையின் நிறமே மாறித் தெரியும். ஜூம் என்று சொல்லி 100 மடங்கு வரை போகும் என்பார்கள். அதன் பக்கமே போக வேண்டாம்.

கடைசியாகக் கடை வாசலில் நின்று தூரத்து மின்கம்பத்தைப் பார்க்க வேண்டும். நடுக் கீலை மடக்கி, இரண்டு வட்டமும் ஒன்றாகும்படி வைக்க வேண்டும். முதலில் வலக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தைத் திருகி வலக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். ஒருவர் கண்ணுக்கு வைத்தது இன்னொருவருக்குப் பொருந்தாது. இது தெரியாமல் “கருவி சரியில்லை” என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது கம்பம் இரட்டையாகத் தெரிந்தால்தான் கருவியில் கோளாறு. மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் வளையத்தை மடித்துவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் முழு வட்டம் தெரிய வேண்டும்.

மாலையில் பூங்கா மூடிவிடும். ரிக்ஷாக்காரர் வீடு திரும்பிவிடுவார். பைனாகுலருக்கு இன்னும் வேலை இருக்கிறது. மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கலாம். இரவிலும் அகலக் காட்சிதான் கை கொடுக்கும். 8 × 42 கருவியின் வட்டத்தில் முழு நிலவைப் போல் சுமார் 15 நிலவுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம். அவ்வளவு வானம்!

கார்த்திகை நட்சத்திரத்தை எல்லோருக்கும் தெரியும். வெறும் கண்ணுக்கு ஆறு புள்ளிகள். பைனாகுலரில் பார்த்தால் பல பத்து விண்மீன்கள் வைரப் பொடி போலக் கிடக்கும். பெரிய தொலைநோக்கியில் இந்தக் கூட்டம் முழுதாக அடங்காது. பைனாகுலரில் அடங்கும். மார்கழி, தை இரவுகளில் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்பதைக் காணலாம். அவற்றுக்குக் கீழே பஞ்சு போல ஒரு மங்கல் தெரியும். அது புதிய விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகம். நிலவைப் பார்க்க முழு நிலவு நாள் ஏற்றதல்ல. அரை நிலவு நாளில் வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் பள்ளங்கள் நன்றாகத் தெரியும். சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கையை முட்டியில் ஊன்றி வியாழனைப் பார்த்தால் அருகே சின்னப் புள்ளிகள் தெரியும். அவை வியாழனின் நிலவுகள். 1610-ல் கலிலியோ அவற்றில் நான்கைக் கண்டார். சனியின் வளையம் மட்டும் 8 மடங்கில் தெரியாது. தெரியும் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்.

ஒன்றை வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும். பைனாகுலரால் சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒரு நொடி போதும், கண் போய்விடும். வலிகூடத் தெரியாது.

மழைக்காலத்தில் லென்சில் பூசணம் பிடிக்கும். மருந்து டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் வரும். அதைப் போன்ற சிலவற்றோடு மூடிய டப்பாவில் வைத்தால் நல்லது. தூசி இருந்தால் முதலில் ஊதிவிட வேண்டும். தோள் துண்டின் முனையால் அழுத்தித் துடைத்தால் மணல் துகள் லென்சைக் கீறிவிடும்.

ரிக்ஷா மேடு பள்ளத்தில் குலுங்கும். பைனாகுலர் ஒரு முறை கீழே விழுந்தாலும் உள்ளே பட்டகம் நகர்ந்துவிடலாம். அதன் பிறகு எல்லாம் இரட்டைதான். சரி செய்யும் கூலி புதிய கருவியின் விலையைத் தொட்டுவிடும். ஆகவே வந்தவர் கழுத்தில் முதலில் வாரை மாட்ட வேண்டும். பிறகுதான் கருவியை அவர் கையில் கொடுக்க வேண்டும்.