ஆயில் லைட் எப்போது மினுக்குகிறது?

டேஷ்போர்டில் எண்ணெய்க் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் ஆயில் குறைந்துவிட்டது என்றுதான் பலரும் முடிவு கட்டுகிறார்கள். பெட்ரோல் பங்கில் நிறுத்தி அரை லிட்டர் ஊற்றியதும் விளக்கு அணைகிறது. சில நாள் கழித்து, வெயிலில் சிக்னலுக்காக நிற்கும்போது மறுபடி மினுக்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் மறைந்துவிடுகிறது. பெரும்பாலான கார்களில் அந்த விளக்குக்கு ஆயிலின் அளவே தெரியாது. அதற்குத் தெரிந்தது அழுத்தம் மட்டும்.

இன்ஜினின் அடியில் சம்ப்பில் கிடக்கும் ஆயிலை ஒரு பம்ப் சல்லடை வழியே உறிஞ்சி, ஃபில்டரில் வடித்து, பிளாக்கில் குடைந்த துளைகள் வழியாகக் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. அந்த வழியில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு சுவிட்ச் திருகப்பட்டிருக்கும். உள்ளே ஒரு சவ்வு, ஒரு ஸ்பிரிங், இரண்டு மின்முனைகள். அழுத்தம் இல்லாதபோது ஸ்பிரிங் முனைகளைச் சேர்த்து வைத்திருப்பதால் விளக்கு எரியும். ஆயில் சவ்வைத் தள்ளினால் முனைகள் பிரிந்து விளக்கு அணையும். அப்படித் தள்ள 4 முதல் 7 பி.எஸ்.ஐ. போதும். டயருக்கே நாம் 30 அடிக்கிறோம்! இன்ஜின் வேகத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குப் பத்து பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. 3,000 சுற்றில் 30 காட்ட வேண்டிய இன்ஜின் 12 காட்டினாலும் விளக்கு வாயே திறக்காது. 1980களின் ஃபோக்ஸ்வேகன் கார்கள் சிலவற்றில் இதற்காகவே இரண்டாவது சுவிட்ச் ஒன்று வைத்தார்கள். சுமார் 2,000 சுற்றைத் தாண்டியபின் அழுத்தம் 26 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இருந்தால் அது எச்சரிக்கும். எல்லாக் காரிலும் இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு என்பேன்.

இங்கே ஒரு கேள்வி வரவேண்டும். பெட்ரோல் எரியும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் தலையில் ஏறத்தாழ இரண்டு டன் விசை விழுகிறது. அது கிராங்க் ஷாஃப்டுக்குத்தான் போய்ச் சேருகிறது. இந்தச் சொற்ப அழுத்தத்தில் வரும் ஆயில் அதை எப்படித் தாங்குகிறது?

விடை ரயில் அச்சிலிருந்து கிடைத்தது. 1883-இல் பீச்சம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ரயில் அச்சு பேரிங்குகளில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் அந்தத் துளை வழியே மேலே பொங்கி வழிந்தது. மரக்கட்டையால் அடைத்தார்; கட்டையையும் மெல்ல வெளியே தள்ளியது. 200 பி.எஸ்.ஐ. வரை அளக்கும் மீட்டரைப் பொருத்தினார். முள் கடைசிக் கோட்டையும் தாண்டியது. பம்ப் எதுவும் இல்லாமலே இவ்வளவும்! 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டுக் காரணம் சொன்னார். சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்து, குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் திணிக்கிறது. நெருக்கடியில் அங்கே அழுத்தம் எகிறி, அச்சு உலோகத்தைத் தொடாமல் மிதக்கிறது. மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் டயர் தரையை விட்டு எழும்பி வழுக்குவதும் ஓரளவு இதைப் போன்றதுதான். கார் இன்ஜினில் அந்த மெல்லிய படலத்துக்குள் பல ஆயிரம் பி.எஸ்.ஐ. உருவாகிறது. பம்ப்பின் வேலை தாங்குவதல்ல. ஓரங்களில் கசிந்து போவதை ஈடுகட்டிக்கொண்டே இருப்பது.

கசிவுதான் விஷயம். புது பேரிங்கில் இடைவெளி 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர். தேய்ந்து அது இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் வெளியேறும் ஆயில் எட்டு மடங்காகும். சூடு இன்னொரு பக்கம்: 20W-50 ஆயில் 40 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது, அதன் பிசுப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக இறங்குகிறது. தேய்ந்த பேரிங், நீர்த்த ஆயில், ஐடிலிங்கில் மெதுவாகச் சுற்றும் பம்ப் மூன்றும் சேரும் இடம் அந்த வெயில் சிக்னல். அதனால்தான் அங்கே மினுக்கி, ரேஸ் பண்ணினால் அணைகிறது.

ஆகவே விளக்கு எப்போது எரிகிறது என்பதில்தான் பாதி நோய்க்குறி இருக்கிறது. வளைவிலோ, பிரேக் போடும்போதோ மட்டும் எரிந்தால் ஆயில் உண்மையிலேயே குறைவு; சம்ப்பில் ஒருபக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கிறது. அரை லிட்டர் வைத்தியம் பலிப்பது இங்கேதான். வேகமாகப் போகும்போது எரிந்தால் சல்லடையில் கசடு அடைத்திருக்கலாம். சூடு, வேகம் எதற்கும் சம்பந்தமில்லாமல் பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் எரிந்தால் ஒயரைப் பாருங்கள். சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போட்டும் விளக்கு எரிகிறதென்றால், உரசித் தோலுரிந்த ஒயர் எங்கேயோ பாடியில் எர்த் ஆகிறது. இந்தச் சோதனை ஒற்றை ஒயர் சுவிட்ச் உள்ள கார்களுக்குத்தான்.

டிப் ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தும் மினுக்கினால் ஊகம் வேண்டாம். சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் அழுத்த மீட்டரைத் திருகி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அளக்க வேண்டும். மீட்டர் சரியான எண்ணைக் காட்டினால் குற்றவாளி சுவிட்ச், செலவு சொற்பம். எண் குறைந்தால் பம்ப், சல்லடை, பேரிங் என்று தேட வேண்டியதுதான். கெட்டியான ஆயிலை ஊற்றி விளக்கை அணைக்கும் தந்திரமும் புழக்கத்தில் இருக்கிறது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள், எந்த ஆயில் போட்டிருக்கிறது என்று கேட்பது நல்லது.

ஓடும்போது விளக்கு நிலையாக எரிந்தால் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், அது எரிகிறதா என்றும் பாருங்கள். எரியாவிட்டால் ஒயரோ விளக்கோ அறுந்திருக்கலாம். நிஜமாகவே ஆபத்து வரும் நாளிலும் அது எரியாது.