வீட்டு முற்றத்தில் ஒரு தச்சுப் பட்டறை
குடும்பத்துக்காகச் செய்யும் தளபாடம் தொழிலாக மாறுமா?

எமது ஊர்களில் ஒரு பெண் பிள்ளையின் திருமணம் நிச்சயமானால், வீட்டு வேலைக்கு அடுத்தபடியாகப் பெற்றோரின் கையைக் கடிப்பது தளபாடச் செலவாகும். கட்டில், அலுமாரி, கண்ணாடி மேசை, சாப்பாட்டு மேசை, ஆறு கதிரைகள் என்று பட்டியல் நீளுகிறது. கையில் பணம் இல்லாதவர்கள் தவணை முறைக்குப் போகிறார்கள். தவணைக் கட்டணத்தை முழுமையாகக் கூட்டிப் பார்த்தால், ரொக்க விலையை விட எவ்வளவு அதிகம் கொடுத்திருக்கிறோம் என்பது தெரியவரும். அந்த மேலதிகத் தொகையில் வட்டி கலந்திருப்பதும் பலருக்குத் தெரியாத விடயமல்ல.

இன்னொரு புறத்தில், சில வீடுகளில் வாப்பாவோ காக்காவோ ஓய்வு நேரத்தில் இத்தளபாடங்களைத் தாமே செய்து முடிப்பதைக் காண்கிறோம். தோட்டத்தில் விழுந்த பலா மரம், சில உளிகள், ஒரு வாள், ஒரு சீவுளி, வாடகைக்கு எடுத்த ஒரு மெஷின். அவ்வளவுதான் முதலீடு. முதலில் மகளுக்கு ஒரு கட்டில். பிறகு தங்கச்சி வீட்டுக்கு ஒரு மேசை. அதைப் பார்த்த பக்கத்து வீட்டார், "எங்களுக்கும் ஒன்று செய்து தாங்களேன்" என்கிறார்கள். இந்த இடத்தில்தான் ஒருவர் வியாபாரியாக மாறுகிறார். பெரும்பாலானோர் நட்டப்படத் தொடங்குவதும் இந்த இடத்தில்தான்.

கௌரவமான தொழில்

நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தவர்கள் என்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மஸ்ஜிதுந் நபவியின் மிம்பரைச் செய்தவர் அன்ஸாரிப் பெண் ஒருவரிடம் பணிபுரிந்த தச்சர் என்பதை ஸஹீஹுல் புஹாரியில் காண்கிறோம். இருந்தும் எமது சமூகத்தில் கல்லாப் பெட்டியின் பின்னால் இருப்பவருக்குக் கிடைக்கும் மரியாதை உளி பிடிப்பவருக்குக் கிடைப்பதில்லை. கிழக்கில் ஓடாவி என்றும் ஏனைய இடங்களில் தச்சர் என்றும் அழைக்கப்படும் இவர்கள் தமது பிள்ளைகளுக்கே தொழிலைக் கற்றுக் கொடுக்கத் தயங்குகின்றனர். சாதாரண தரப் பரீட்சை எழுதிய மகனைக் கடைக்கு அல்லது வெளிநாட்டுக்கு அனுப்பவே விரும்புகின்றனர். விளைவு என்ன? தளபாடக் கடை எம்மவருடையது, அங்கே விற்பனைக்கு இருக்கும் பொருளோ மொரட்டுவையில் செய்யப்பட்டது என்ற நிலையே பல ஊர்களில் உள்ளது.

மரம் எங்கிருந்து?

1990 ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பது நிறுத்தப்பட்டுள்ளது. ஆகவே முதிரை, பாலை போன்ற காட்டு மரங்களை நம்பித் தொழிலை ஆரம்பிக்க முடியாது. இன்று தளபாடத்துக்குரிய மரம் பெரும்பாலும் வீட்டுத் தோட்டங்களிலிருந்தும், தேக்கு, றப்பர் போன்ற தோட்டங்களிலிருந்தும் வருகிறது.

சிறு தொழில் செய்வோருக்குப் பலா மிகவும் பொருத்தமானது. இதன் வைரம் பாய்ந்த மஞ்சள் பகுதியைக் கறையான் இலகுவில் தொடாது. நாட்பட அது செம்மண்ணிறமாக மாறி அழகு பெறும். ஆனால் வெளிப்புறத்திலுள்ள வெள்ளைப் பகுதியைச் சேர்த்து அடித்தால் அதில் பூச்சி துளைக்கும். மஹோகனி சீவுவதற்கு இலகு, பொலிஷும் நன்றாக ஏறும். தேக்கு உறுதியானது, ஆனால் விலை அதிகம். றப்பர் மரம் மலிவு. எனினும் வெட்டிய சில நாட்களுக்குள் போரன் கலவை ஏற்றப்படாவிட்டால் பூஞ்சணமும் பூச்சியும் பிடிக்கும். எனவே மருந்து ஏற்றிய றப்பர் பலகையை மாத்திரம் வாங்க வேண்டும்.

சொந்தத் தோட்டத்து மரமென்றாலும் சட்டத்தை மறந்துவிடக் கூடாது. பலா, ஈரப்பலா மரங்களைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற வேண்டும். பல வகை மரங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் தேவை. சில இனங்களுக்கு விலக்கு உண்டு. வாகனத்தில் ஏற்றுவதற்கு முன்னர் பிரதேச செயலகத்திலோ வன அலுவலகத்திலோ விசாரித்துக் கொள்வது நல்லது. பிடிபட்ட பிறகு மரமும் போய் வாகனமும் சிக்கிக் கொள்ளும். மரக்காலையில் வாங்கினால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஈரத்தை மறைக்காதீர்கள்

தளபாட வியாபாரத்தில் வாடிக்கையாளரின் நம்பிக்கை முறிவது ஈர மரத்தால்தான். புதிதாக அறுத்த பலகையில் ஏராளமான நீர் இருக்கிறது. அந்த நிலையில் அலுமாரி செய்து பொலிஷ் பூசிக் கொடுத்தால் பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. நான்கு மாதம் கழித்துக் கதவு கோணிக் கொள்ளும், பலகைகளுக்கிடையில் விரல் நுழையும் அளவு இடைவெளி வரும்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அனைவரும் அறிந்தது. ஈரப் பலகைக்குப் பொலிஷ் பூசுவதும் இதே வகை மோசடிதான் என்பதை ஒவ்வொரு தளபாட வியாபாரியும் மனதில் கொள்ள வேண்டும்.

ஒரு அங்குலப் பலகையை நிழலில், ஒவ்வொரு பலகைக்குமிடையில் ஒரே அளவான சட்டத் துண்டுகளை வைத்து, காற்றுப் போகும்படி அடுக்கினால் உலர்வதற்கு மூன்று நான்கு மாதங்களாவது எடுக்கும். நேரடி வெயிலில் போட்டால் வெடிக்கும். பலகையின் இரு முனைகளுக்கும் பெயின்ட் பூசிவிட்டால் முனை வெடிப்புக் குறையும். ஈரம் அளக்கும் கருவி இல்லாதவர்கள் ஒரு பலகையைக் கிழமைக்கு ஒரு முறை தராசில் நிறுத்து எழுதி வரலாம். நிறை குறைவது நின்றுவிட்டால் அந்த இடத்துக் காற்றுக்கேற்ப மரம் உலர்ந்துவிட்டது என்று பொருள். இன்னும் சரியாக அறிய வேண்டுமானால், ஒரு சிறு துண்டை நிறுத்து, சூடான அடுப்பில் முற்றாக உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். 112 கிராமாக இருந்தது 100 கிராமானால் ஈரம் 12 சதவீதம். தளபாடத்துக்கு 12 முதல் 14 சதவீதம் போதுமானது.

உலர்ந்த மரமும் மாரியில் சற்று விரியும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில்தான் இது நடக்கும். எனவே மேசையின் மேற்பலகையை ஆணியடித்து இறுக்காமல், திருகாணி நகர்வதற்கு நீள் துளை விட்டுப் பொருத்துவதே சரியான முறை.

கணக்குப் புத்தகம் இல்லாத பட்டறை

மரம் கன அடியில் விற்கப்படுகிறது. 12 அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பு, 12 அடி நீளமுள்ள ஒரு பலகை ஒரு கன அடி. 5 அடிக்கு 3 அடி சாப்பாட்டு மேசை ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு அங்குல மேற்பலகைக்கு 1.25 கன அடி. 3 அங்குலச் சதுரத்தில் 30 அங்குல உயரமான நான்கு கால்களுக்கு 0.63 கன அடி. நான்கு அங்குல அகலமான சுற்றுச் சட்டம் 14 அடிக்கு 0.39 கன அடி. மொத்தம் சுமார் 2.27 கன அடி. சீவும்போதும் வெட்டும்போதும் கழியும் பகுதியைச் சேர்த்தால் 3 கன அடி வாங்க வேண்டும்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு கன அடி 8,000 ரூபா என வைத்துக் கொள்வோம். மரம் 24,000. பசை, திருகாணி, அரத்தாள், பொலிஷ் 5,000. ஆக 29,000 ரூபா. வீட்டில் செய்பவர் இத்துடன் கணக்கை நிறுத்திவிடுகிறார். மேசையை 40,000 ரூபாவுக்குக் கொடுத்துவிட்டு 11,000 இலாபம் என்று மகிழ்ச்சியடைகிறார்.

உண்மைக் கணக்கு வேறு. மின்சாரம், கருவிகளின் தேய்மானம், ஏற்றுக்கூலி 4,000 என்றால் செலவு 33,000. மிஞ்சியது 7,000. இந்த மேசைக்கு அவர் ஐந்து நாட்கள் உழைத்திருக்கிறார். அப்படியானால் அவரது நாட்கூலி வெறும் 1,400 ரூபா. அதே ஐந்து நாட்களும் 4,000 ரூபா நாட்சம்பளத்துக்கு வேறு பட்டறையில் வேலை செய்திருந்தால் 20,000 கிடைத்திருக்கும். மேசையின் உண்மையான அடக்கவிலை 53,000 ரூபா. அவர் 13,000 ரூபாவைப் பக்கத்து வீட்டாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார்.

குடும்பத்துக்குச் செய்யும்போது உழைப்புக்கு விலை போடத் தேவையில்லை. அது ஸதகாவாக, அன்பாக இருக்கட்டும். ஆனால் விற்கும் பொருளுக்கு அதே மனநிலையில் விலை சொல்லக் கூடாது. முதல் நாளிலிருந்தே வீட்டுக் கணக்கும் பட்டறைக் கணக்கும் வெவ்வேறு புத்தகங்களில் இருக்க வேண்டும். மகனோ மருமகனோ உதவி செய்தால் அவரது பங்கு சம்பளமா, இலாபப் பங்கா என்பதையும் ஆரம்பத்திலேயே பேசி எழுதிக் கொள்ள வேண்டும். வாப்பா மௌத்தான பிறகு பட்டறை யாருக்கு என்று சகோதரர்கள் பிணங்கிக் கொள்வதற்கு எழுதாமல் விட்ட பேச்சுக்களே காரணம்.

ஓடர் எடுக்கும்போது

செய்து தரும்படி ஓடர் கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் இஸ்திஸ்னா என்று பெயர். ஹனபி மத்ஹபில் இதற்குத் தனி இடமுண்டு. எமது நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இது ஸலம் எனும் முன்கொடுப்பனவு வியாபாரத்தின் நிபந்தனைகளுக்குள் நோக்கப்படுகிறது. 1992 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் கவுன்ஸில், பொருளின் தன்மையும் காலமும் தெளிவாகக் குறிக்கப்பட்டால் இஸ்திஸ்னா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் எனவும், பணத்தைத் தவணையாகக் கொடுக்கலாம் எனவும் தீர்மானித்தது. உங்கள் ஊர் உலமாக்களிடம் இதைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நடைமுறையில் ஒரு தாளில் ஐந்து விடயங்களை எழுதினால் போதும். மரம் என்ன, அளவு என்ன, பொலிஷா வார்னிஷா, விலையும் கொடுப்பனவும் எப்படி, எந்தத் திகதியில் ஒப்படைப்பது. இரு தரப்பும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக் கொள்ளட்டும். பலாவென்று சொல்லி உள்ளே வேறு மரம் வைப்பதும், கல்யாணத்துக்கு முதல் நாள் வரை இழுத்தடிப்பதும் இதனால் தவிர்க்கப்படும்.

எங்கே போட்டி, எங்கே வாய்ப்பு?

அமுக்கிய பலகையில் செய்த தளபாடங்களுடன் விலையில் போட்டியிட முடியாது. ஆனால் ஈரமும் உப்புக் காற்றும் உள்ள கரையோரங்களில் அப்பலகைகள் ஊதி உதிர்வதை வாடிக்கையாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்து இறக்குமதிப் பொருட்களின் விலை எகிறியபோது, பழைய கட்டிலையும் அலுமாரியையும் திருத்திப் பாவிக்கும் பழக்கம் பல வீடுகளுக்குத் திரும்பியது. திருத்த வேலைக்கு மரச் செலவு குறைவு, கூலியே வருமானம். சிறிய அறைக்கு ஏற்ற அளவில் கட்டில், குர்ஆன் மத்ரஸாப் பிள்ளைகளுக்கான தாழ்ந்த மேசைகள், ரெஹால் பலகை, பள்ளிவாசல்களுக்கான பாதணித் தட்டு போன்றவை பெரிய கடைகள் அதிகம் கவனிக்காத பொருட்கள். வீட்டுப் பட்டறைக்கு இவையே ஏற்றவை.

வேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், பல வருட அனுபவத்தைக் காட்டித் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுக்கு மதிப்பீடு செய்து கொள்ள வழியுண்டு. இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அதிகார சபையின் பயிற்சிகள் இருக்கின்றன. ஓடர்கள் தொடர்ந்து வர ஆரம்பித்தால் பிரதேச செயலகம் ஊடாக வியாபாரப் பெயரைப் பதிவு செய்து கொள்ளுங்கள். வங்கிக் கணக்குத் திறப்பதற்கும் பாடசாலை, நிறுவன ஓடர்களைப் பெறுவதற்கும் அது தேவைப்படும்.

குடியிருப்புப் பகுதியில் பட்டறை வைப்பவர்கள் அயலவரின் உரிமையையும் பேண வேண்டும். இரவில் மெஷின் ஓட்டுவதும், தூளைப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் விழ விடுவதும் கூடாது. மரத்தூள் சுவாசப் பையைப் பாதிக்கும் என்பதால் முகக்கவசமின்றி வேலை செய்யக் கூடாது.

கடை வைத்திருக்கும் எமது வர்த்தகர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஊரிலுள்ள இரண்டு மூன்று நல்ல ஓடாவிமாரைத் தெரிவு செய்து, உலர்ந்த மரத்துக்கு முற்பணம் கொடுத்து, அவர்கள் செய்வதை நியாய விலைக்கு வாங்கி விற்கலாம். கடைக்காரருக்குத் தரமான சரக்கு கிடைக்கும், உழைப்பவருக்கு மாத வருமானம் கிடைக்கும், ஊர்ப் பணம் ஊரிலேயே சுழலும். இன்ஷா அல்லாஹ், தவணைக் கடனின்றி ஒரு பிள்ளையின் வீடு நிறைவதற்கும் அது வழியமைக்கும்.