ஹோட்டல் மேலாளருக்கும் உடம்பு உண்டு

இரவு பதினொன்றரை மணி. ஏசி சரியில்லை, சொல்லியும் யாரும் வரவில்லை என்று இரண்டு நட்சத்திரம் போட்டு இணையத்தில் எழுதிவிட்டு விருந்தினர் தூங்கிவிடுகிறார். அதைப் படித்த மேலாளருக்குத்தான் தூக்கம் போகிறது. கட்டடம் அவருடையதில்லை, ஏசியும் அவர் வாங்கியதில்லை. ஆனாலும் நாலு பேர் நடுவில் தன்னைத் திட்டியதுபோல் நெஞ்சு படபடக்கிறது.

ஒருவர் தன் நிறுவனத்தோடு எவ்வளவு ஒன்றிப்போயிருக்கிறார் என்று அளக்க, ஆய்வாளர்கள் ஃபிரெட் மேயல், பிளேக் ஆஷ்ஃபோர்த் இருவரும் 1992-ல் ஆறு வரிக் கேள்வித்தாள் ஒன்றைத் தந்தார்கள். நிறுவனத்தை யாராவது குறை சொன்னால் உங்களையே அவமதித்ததாகப் படுகிறதா என்பது அதில் ஒன்று. ஹோட்டல்காரர்களிடம் கேட்டால் பலர் யோசிக்காமல் ஆமாம் என்பார்கள்.

ஒட்டுதல் தரும் தெம்பு

இதை நோய் என்று சொல்லிவிடக் கூடாது. ‘நம்ம ஹோட்டல்’ என்ற எண்ணம் உள்ளவருக்கு வேலையில் பிடிப்பு இருக்கும். கஷ்டத்தில் தோள் கொடுக்க ஆளும் இருக்கும். அப்படிப்பட்டவர்களின் உடல்நலமும் மனநலமும் பொதுவாகச் சற்று மேலாகவே இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

2008 நவம்பர் 26 அன்று பயங்கரவாதிகள் மும்பை தாஜ்மகால் பேலஸ் ஹோட்டலுக்குள் புகுந்தபோது கரம்பீர் சிங் காங் அதன் பொது மேலாளர். ஆறாம் மாடியில் பரவிய தீயில் அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும் இறந்தார்கள். அவரோ விருந்தினர்களை வெளியேற்றும் வேலையை விட்டு நகரவில்லை. உலகமே அதைப் பேசியது, பேச வேண்டியதுதான். நிறுவனம் செய்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஹோட்டல் மூடிக் கிடந்த காலத்திலும் ஊழியர்களுக்குச் சம்பளம் வந்தது. மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு நடந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கென அந்த டிசம்பரிலேயே ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார்கள். அன்பு இரண்டு பக்கமும் இருந்தது. எல்லா மேலாளர்களுக்கும் அது வாய்ப்பதில்லை.

போர்டு மாறினால்?

பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் கட்டடம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. கட்டட உரிமையாளர் லாபக் கணக்கு கேட்பார். பிராண்டு அலுவலகம் தலையணை உறை வரைக்கும் தரம் பார்க்கும். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் மேலாளர். ஒப்பந்தம் முடிந்தால் போர்டும் மாறும். சென்னை டிடிகே சாலையில் பார்க் ஷெரட்டனாக இருந்த ஹோட்டல் பின்னாளில் கிரவுன் பிளாசா ஆனது. 2023 டிசம்பரில் அதுவும் மூடப்பட்டது. இந்த ஹோட்டல்தான் நான் என்று வாழ்ந்துவிட்டவர் அப்படியொரு நாளில் வேலையோடு தன் அடையாளத்தையும் இழக்கிறார்.

போர்டு மாறாவிட்டாலும் அளவு மீறிய ஒட்டுதலில் சிக்கல் உண்டு. ஒட்டுதல் கூடக் கூட வேலைவெறி முதலில் குறைகிறது, ஒரு கட்டத்தைத் தாண்டினால் ஏறத் தொடங்குகிறது என்று இத்தாலிய ஊழியர்களிடம் நடத்தி 2012-ல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது.

உடம்பு கொடுக்கும் விலை

முந்நூறு பேருக்கு மதிய பஃபே முடிந்த பிறகு, நாலு மணிக்கு ஸ்டாஃப் கேன்டீனில் நின்றபடியே நாலு வாய் சாம்பார் சாதம். பிரேக் ஷிப்ட் என்றால் மதியம் மூன்றிலிருந்து ஏழு வரை ஓய்வு என்று பெயர். வீட்டுக்குப் போய்வரவே அது சரியாகிவிடும். கல்யாண சீசனில் வார விடுமுறையும் காணாமல் போகும். நெஞ்செரிச்சல், முதுகுவலி, காலில் நரம்புச் சுருட்டல், ஏறிய ரத்த அழுத்தம் எல்லாம் மெதுவாகச் சேரும். காய்ச்சல் வந்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு லாபியில் சிரித்தபடி நிற்பார். அந்தச் சிரிப்பும் உழைப்புதான் என்று சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-லேயே எழுதினார்.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். மாரடைப்பு போன்ற இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். தினம் பத்து மணி நேரம், ஆறு நாள் என்றாலே 60 மணி ஆகிவிடுகிறது.

வேலையால் வரும் ‘பர்ன்அவுட்’ சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் மூன்று அடையாளங்கள் சொல்கிறது: தீராத களைப்பு, வேலைமீது விலகலோ கசப்போ, முன்போலத் தன்னால் முடியவில்லை என்ற எண்ணம். பிராண்டை நேசிப்பவரிடம் சிக்கல் இரண்டாவதில்தான். கசப்பு வந்ததையே துரோகமாக நினைத்துக்கொண்டு, அதை மறைக்க இன்னும் கூடுதலாக உழைப்பார்.

என்ன செய்யலாம்?

லாக் புக்கில் எழுதி அடுத்த ஷிப்டிடம் ஒப்படைத்த பிரச்சினையை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். மோசமான விமர்சனத்துக்குக் காலையில் பதில் எழுதலாம். நள்ளிரவில் எழுதும் பதில் பிராண்டுக்கும் நல்லதில்லை. ஹோட்டல் தொழிலுக்கு வெளியே இரண்டு நண்பர்களாவது வேண்டும். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆண்டுக்கொரு முறை பாருங்கள். அழுத்தம் தொடர்ந்து 140/90-க்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். நெஞ்சில் அழுத்தமோ, கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ வந்தால் ரிசப்ஷன் முடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

முதலாளிகளுக்கு ஒரே வேண்டுகோள்: வார விடுமுறை நாளில் மேலாளரைப் போனில் கூப்பிடாதீர்கள். சிறந்த மேலாளர் விருதைவிட அது அவர் உடம்புக்கு நல்லது.

தூக்கமின்மையும் கசப்பும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.