ரியாக்ட்டோடு குடித்தனம்!

வீட்டுக்கு வீடு இப்போது ஒரு பிள்ளையாவது வெப்சைட் கட்டுகிறது. "என்னடா வேலை பார்க்கிறே?" என்று கேட்டால், "ரியாக்ட்" என்கிறது. அம்மாக்கள் ஏதோ கெமிஸ்ட்ரி சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு, "கையில கொட்டிக்காம பார்த்துக்கோப்பா" என்று அனுப்பி வைக்கிறார்கள்.

ரியாக்ட் என்பது ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய ஒரு கருவிப் பெட்டி. ஃபேஸ்புக் கம்பெனி தன் தேவைக்காகச் செய்து, 2013-ல் ஊருக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. (பண்டிதர்கள் "அது ஃப்ரேம்வொர்க்கே இல்லை, லைப்ரரி!" என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.) உத்தி சிம்பிள். தகவலை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தகவல் மாறினால் பழைய திரையையும் புதுத் திரையையும் ஒப்பிட்டு, எந்த மூலையில் எதை மாற்றுவது என்பதை அது பார்த்துக்கொள்ளும்.

ஒப்பிடும்போது ஆள் அடையாளம் தெரிய வேண்டுமே! அங்கேதான் ஆரம்பிக்கிறது வம்பு.

ஒரு மளிகைக் கடை பில். துவரம்பருப்பு, உளுந்து, கடுகு என்று வரிசை. பக்கத்திலேயே அளவு எழுதக் கட்டம்: 5 கிலோ, 2 கிலோ, கால் கிலோ. கடைக்காரர் துவரம்பருப்பை நீக்குகிறார். பார்த்தால் உளுந்துக்கு நேரே 5, கடுகுக்கு நேரே 2!

"தம்பி, ரெண்டு கிலோ கடுகை வெச்சுக்கிட்டு அந்தம்மா என்ன, வருஷம் பூரா தாளிச்சுக்கிட்டே இருப்பாங்களா?"

காரணம், 'கீ'. பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் அடையாளமாக ஒரு 'கீ' கொடுங்கள் என்று ரியாக்ட் கேட்கும். கொடுக்காவிட்டால் சிவப்பு எழுத்தில் முணுமுணுக்கும். அதன் வாயை அடைக்க நம்மாட்கள் 0, 1, 2 என்று வரிசை எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்த வரிசையை வைத்து மார்க் போடும் வாத்தியார் மாதிரி! முதல் பையன் லீவு போட்டால் அவன் மார்க் இரண்டாவது பையனுக்குப் போய்விடும். கட்டத்தில் அடித்த எண்ணை அந்த வரியே தனக்குள் வைத்திருந்தால், இந்தக் கூத்து நிச்சயம்.

பொருளைச் சேர்க்கும்போதே அதற்கென்று மாறாத ஒரு எண் கொடுத்து, அதையே 'கீ'யாக வையுங்கள். சிலர் அதிபுத்திசாலித்தனமாக, திரை வரையும் ஒவ்வொரு தடவையும் 'மேத் ராண்டம்' போட்டுப் புது எண் கொடுப்பார்கள். ஒரு எழுத்து அடித்ததும் கர்சர் காணாமல் போகும். ஆளே மாறிவிட்டான் என்று ரியாக்ட் பழைய கட்டத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறது, பாவம்.

அதே பில்லில் 'மொத்தம்' என்பதைத் தனி 'ஸ்டேட்'டாக வைக்காதீர்கள். ஒரே கணக்கை இரண்டு நோட்டில் எழுதினால் என்றைக்காவது ஒன்று பொய் சொல்லும். வரையும்போதே கூட்டிக்கொள்ளுங்கள். இருநூறு வரியைக் கூட்ட கம்ப்யூட்டருக்குக் காபி, டிபன் எதுவும் வேண்டாம்.

அடுத்தது, காசு நஷ்டமாகும் விவகாரம். பஸ் டிக்கெட் பக்கம். பயணி 'மதுரை' என்று தேர்ந்தெடுக்கிறார். மனசு மாறி 'தேனி' என்கிறார். இரண்டு கேள்வியும் சர்வருக்குப் போயாச்சு. தேனி பதில் முதலில் வருகிறது. ஆடி அசைந்து பின்னால் வந்த மதுரை பதில் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. தலைப்பில் தேனி, கீழே பூராவும் மதுரை பஸ்! ஆபீஸ் நெட்டில் இது தெரியவே தெரியாது. சிக்னல் நொண்டுகிற ஊரில்தான் தெரியும்.

'யூஸ்எஃபெக்ட்' எழுதும்போது, கிளம்புகையில் விளக்கை அணைக்க ஒரு ஃபங்ஷனையும் திருப்பிக் கொடுக்கலாம். அதில் 'அபார்ட் கன்ட்ரோலர்' வைத்துப் பழைய கேள்வியை ரத்து செய்துவிடுங்கள். 2022-ல் வந்த 18-ம் பதிப்பிலிருந்து 'ஸ்ட்ரிக்ட் மோட்' போட்டால், எழுதிப் பார்க்கும் சமயத்தில் எஃபெக்ட் இரண்டு தடவை ஓடும். விளக்கை ஒழுங்காக அணைத்தீர்களா என்று பார்க்கிற சோதனை அது. "ரெண்டு தடவை ஓடுது சார்" என்று ஸ்ட்ரிக்ட் மோடையே எடுத்துவிடுகிறவர்கள், திருடனைப் பார்த்துக் குரைக்கிறது என்று நாயை விரட்டுகிறவர்கள்.

பணம் கட்டும் பட்டனை ஒரு தட்டிலேயே முடக்குங்கள். அது மட்டும் போதாது. ஆர்டருக்கு ஒரே எண் அனுப்பி, சர்வரும் இரண்டாவது தடவையை நிராகரிக்க வேண்டும்.

தமிழில் ஃபாரம் செய்கிறவர்களுக்கு ஒரு விசேஷக் குறிப்பு. மீனாட்சிசுந்தரம் என்ற பெயருக்கு எத்தனை எழுத்து? ஒன்பது. ஜாவாஸ்கிரிப்ட்டின் 'லெங்த்' சொல்வதோ பதினாறு! கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனி ஆளாக அது எண்ணுகிறது. "பதினைந்து போதும்" என்று வெட்டினால் கடைசிப் புள்ளி போய், மனுஷர் 'மீனாட்சிசுந்தரம' ஆகிவிடுவார். பிறகு ஆதாரில் ஒரு பெயர், ஃபாரத்தில் ஒரு பெயர் என்று அவர் அலைய வேண்டும். 'இன்ட்டில் செக்மென்ட்டர்' என்று ஒன்று இருக்கிறது. அது ஒன்பது என்றே எண்ணும்.

ஓசியில் கிடைக்கிற பேக்கேஜ்களை அள்ளிப் போட்டுக்கொள்வதிலும் நிதானம் வேண்டும். 2016 மார்ச்சில், 'லெஃப்ட்பேட்' என்ற பதினோரு வரி சமாசாரத்தை எழுதியவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள, அதை நம்பியிருந்த ஏராளமான புராஜெக்டுகள் அன்றைக்குக் கவிழ்ந்தன. அதற்காக 'அப்டேட்டே வேண்டாம்' என்று உட்கார்ந்துவிடவும் கூடாது. 2025 டிசம்பரில் ரியாக்ட்டின் சர்வர் பகுதியிலேயே ஓட்டை. பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் வெளியாள் சர்வரில் தன் இஷ்டத்துக்கு எதையும் ஓட்டலாம். அபாய மார்க் பத்துக்குப் பத்து! திருத்திய பதிப்பைப் போட்டவர்கள் தப்பித்தார்கள்.

இத்தனையும் செய்த பிறகு, குரோமில் நெட்டை வேண்டுமென்றே நொண்டியாக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு அந்த மளிகைக் கடை பில்லை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இன்னும் நல்லது, விலை குறைந்த போன் ஒன்றைக் கடைக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.