நிழற்படமும் பெண்ணின் தன்முகமும்



கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உள்ள ஒரு நிழற்பட நிலையத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். உறையிலிருந்து படத்தை எடுத்த பெண், “நான் இப்படியா இருக்கின்றேன்?” என்று முகஞ் சுளிப்பதைக் காணலாம். உடன் வந்தவர்கள் சிரிப்பார்கள். ஆயினும் அந்தச் சுளிப்பு வெறுஞ் செருக்கினால் வருவதன்று.

நாம் நம் முகத்தை நாள்தோறும் காண்பது கண்ணாடியில். கண்ணாடி இடத்தை வலமாக்கிக் காட்டுவது. நிழற்படமோ பிறர் காணும் முகத்தைக் காட்டுகின்றது. 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர்கள், மாணவியரின் படங்களை நேராகவும் இடவலம் மாற்றியும் அச்சிட்டுக் காட்டினர். மாணவியர் பெரும்பாலும் விரும்பியது மாற்றிய படத்தை. அவர்தம் தோழியர் விரும்பியது நேர்ப்படத்தை. பழகிய முகமே நமக்கு அழகிய முகம். படத்தில் உள்ளவள் அழகற்றவள் அல்லள்; பழகாதவள், அவ்வளவே.

தூரமும் ஒரு வஞ்சகம் செய்யும். கையை நீட்டித் தொலைபேசியால் எடுக்கும் படத்தில் மூக்கு பெருத்துத் தோன்றும். ஓரடி தூரத்திலிருந்து எடுத்தால், ஐந்தடியிலிருந்து எடுப்பதைவிட அது ஏறத்தாழ 30 சதவீதம் அகன்று தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணித்துக் காட்டினர். அதைக் கண்டு மூக்கை நொந்துகொள்வது வீண்.

நிறத்தின் கதை இவற்றினும் கசப்பானது. பழைய கறுப்பு வெள்ளைச் சுருள்களில் ஒரு வகை, செந்நிற ஒளியை உணராதது. செம்மை கலந்த மாநிறத்தை அது உள்ளதைவிடக் கறுப்பாகவே பதித்தது. பின்னர் வந்த வண்ணப் படங்களுக்கு அளவுகோலாகக் கொடக் நிறுவனம் அனுப்பிய அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே நெடுங்காலம் இருந்தது. ‘ஷேர்லி அட்டை’ என்பது அதன் பெயர். நம் பெண்களின் மேனி அந்த அளவுகோலுக்குள் அடங்கவில்லை. குறை அளவுகோலினுடையது, பழியோ மேனிமேல் விழுந்தது. பவுடரும், பென்சிலால் படத்தைத் திருத்துதலும், இன்று கணினியால் வெளுப்பாக்குதலும் அந்தப் பழியின் வழிவந்தவையே.

படம் யாருக்காக எடுக்கப்படுகின்றது? நம்மிடையே ஒரு பெண்ணைத் தனியே அமர்த்தி எடுக்கும் படம் பெரும்பாலும் மணப்பேச்சுக்காகவே எடுக்கப்பட்டு வந்தது. தரகர் கையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போய், சில வேளை திரும்பியும் வரும் படம் அது. அதில் அவள் தன்னை அன்று, தன்னை மதிப்பிடப் போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனாலும் அதை முற்றாக இகழ எனக்கு மனம் வரவில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது குடும்ப அல்பங்களும் எரிந்தன. ஊருக்கு அனுப்பிய மணப்பேச்சுப் படத்தின் பிரதியொன்று எங்கேனும் எஞ்சியிருந்தால், ஒரு தாய்க்குத் தன் இளமைக்கு இருக்கும் ஒரே சான்று அதுவே.

கமராவின் பின்னே நிற்பவர் யார் என்பதும் முகத்தை மாற்றும். இதை உணர்ந்தே 1892இல் ஐதராபாத்தில் லாலா தீன் தயாள், திரைமறைவில் வாழ்ந்த பெண்களுக்கென உயர்ந்த மதில் சூழ்ந்த நிலையமொன்றை அமைத்தார். அங்கே படம் எடுத்தவர்கள் பெண்களே.

நம் இலங்கைக்கும் அத்தகைய ஒரு பெண்மணி வந்தார். கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரன், 48ஆம் வயதில் மகளும் மருமகனும் அளித்த கமராவைக் கொண்டு உலகப் புகழ் பெற்றவர். 1875இல் இங்கு குடியேறிய அவர், களுத்துறையில் தொழிலாளப் பெண்களையும் படமெடுத்தார். குறை மறைக்கும் திருத்தம் அவருக்குப் பிடிக்காது. முகத்தருகே நெருங்கிச் செல்வதே அவர் வழக்கம். எனினும் அந்தப் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் படங்களோடு எழுதப்படவில்லை. 1879இல் மறைந்த கமரன் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

பெயரையும் உடலையும் தமதென்று கேட்டவர் இங்கிலாந்தின் ஜோ ஸ்பென்ஸ். 1982இல் மார்பகப் புற்றுநோய் கண்டு சத்திரசிகிச்சைக்குச் செல்லுமுன், இது ஜோ ஸ்பென்ஸின் உடைமைதானா என்ற வினாவை மார்பில் எழுதிப் படமெடுத்துக்கொண்டார். பின்னர் ரோசி மார்ட்டின் என்னும் தோழியுடன் சேர்ந்து, ஒருவரை ஒருவர் படமெடுத்து மனப்புண் ஆற்றும் முறையொன்றை வகுத்தார். படத்தில் எவ்வாறு தோன்ற வேண்டும் என்று முடிவு செய்தவர், கமராவின் முன்னே அமர்ந்தவரே.

இத்துணையும் வேண்டுவோர் அரியர். ஆயினும் நாற்பது வயதிலோ, பிள்ளைப்பேற்றின் பின்போ, நோய் நீங்கியோ தம்மை ஒருமுறை பார்க்க விரும்பும் பெண்கள் நிலையத்தாரிடம் சிலவற்றைக் கேட்கலாம். நம்பிக்கைக்குரிய பெண் ஒருத்தி படமெடுக்கட்டும். ஐந்தாறடி தள்ளி நிற்கட்டும். சாளரத்தின் பக்கவொளி போதும். நிறத்தை வெளுக்க வேண்டாம். படத்தின் பிரதி எவரிடம் இருக்கும் என்பதையும் முன்னரே பேசிக்கொள்வது நன்று. வாங்கிய அன்றே தீர்ப்புக் கூறாமல் பெட்டியில் வைத்து, சில வாரங்கள் கழித்துத் தனியே இருக்கும்போது எடுத்துப் பார்க்கலாம்.