மடையைத் திறந்து விட்ட மலேசியத் தமிழர்! முதல் ஆல்பத்திலேயே நிலைத்து விட்ட பெயர்

தஞ்சாவூர்:-

ஜூன் மாதம் பிறந்து விட்டால் தஞ்சை வட்டாரத்தில் ஒரே பேச்சுதான்.

"மேட்டூர் திறந்தாச்சா? கல்லணைக்குத் தண்ணி எப்ப வருது?"

ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். அணையில் தண்ணீர் இருந்தால் குறுவை. இல்லாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். மேட்டூரில் புறப்படும் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக ஓடி, கடைசியில் ஒரு சின்ன மடை வழியாக வயலுக்குள் பாயும். மடையைத் திறந்ததும் தண்ணீர் குதித்துக் கொண்டு ஓடும் அழகே தனி!

அதனால்தான் யாராவது நிறுத்தாமல் பேசினால், "மடை திறந்த மாதிரி கொட்டுறான்யா!" என்று இங்கே சொல்வார்கள்.

அந்த "மடை"யின் பெயரால் உலகம் பூராவும் பெயர் வாங்கிய ஒரு தமிழர் இருக்கிறார். அவர் தஞ்சாவூர்க்காரர் அல்ல. தமிழ்நாட்டுக்காரர் கூட அல்ல. மலேசியத் தமிழர்!

அவர் பெயர் யோகி பி. 2006-ம் ஆண்டு வெளியான "வல்லவன்" என்ற ஆல்பம்தான் அவரைத் தமிழர்களின் வீடு வீடாகக் கொண்டு போய்ச் சேர்த்தது. (ஆல்பம் என்றால், சினிமாவுக்காக இல்லாமல் தனியாக வெளியிடும் பாட்டுத் தொகுப்பு.) அதில் இருந்த ஒரு பாட்டு "மடை திறந்து". சின்ன வயதுக்காரர்கள் பைத்தியமாகி விட்டார்கள்.

யார் இவர்?

யோகி பி.யின் முழுப்பெயர் யோகேஸ்வரன் வீரசிங்கம். 1990-களில் மலேசியாவில் "பொயட்டிக் அம்மோ" என்ற "ராப்" குழுவில் இருந்தார். 1998-ல் அந்தக் குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தது. ஆங்கிலம், மலாய், தமிழ், சீனம் என்று பல மொழிகளில் பாடிய குழு அது.

பல மொழிகளில் பாடியவருக்கு முழுக்க முழுக்கத் தமிழிலேயே ஒரு ஆல்பம் போட வேண்டும் என்று ஆசை. டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரும் கூடச் சேர்ந்தார்கள். "யோகி பி அண்டு நட்சத்திரா" என்று குழுவுக்குப் பெயர். அவர்களுடைய முதல் தமிழ் ஆல்பம்தான் "வல்லவன்".

அதற்கு முன் தமிழில் "ராப்" வாடையே இல்லையா? உண்டு. 1994-ல் "காதலன்" படத்தில் ஏ.ஆர்.ரகுமான் "பேட்டை ராப்" போட்டார். பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தது. ஆனால் அது ஒரு சினிமாப் படத்தில் ஒரு பாட்டு. கதாநாயகன் இல்லை, கதை இல்லை, டூயட் இல்லை, "ராப்" பாடுகிறவனே கதாநாயகன் என்று வந்தது "வல்லவன்". தமிழ் "ராப்" ஆல்பங்களுக்கு முன்னோடி என்று அதற்குப் பெயர் கிடைத்தது.

பழைய பாட்டு, புதிய வெள்ளம்

"மடை திறந்து" யோகி பி.யின் சொந்த மெட்டு அல்ல. நம்ம இளையராஜா போட்ட மெட்டு!

1980-ல் பாரதிராஜா இயக்கிய "நிழல்கள்" படத்தில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டு. எப்படியாவது இசை அமைப்பாளராகி விட வேண்டும் என்று துடிக்கிற ஒரு ஏழை இளைஞன், தன் முதல் பாட்டு பதிவாவதாகக் கனவு காணும் காட்சி. அந்தக் காட்சியில் இளையராஜாவே தலை காட்டுவார்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கவிஞர் வைரமுத்து முதன்முதலாக சினிமாவுக்குப் பாட்டு எழுதியதும் இதே "நிழல்கள்" படத்துக்குத்தான். "பொன்மாலைப் பொழுது" என்ற அந்த முதல் பாட்டை, அவர் ஆயிரக்கணக்கில் எழுதிய பிறகும் ஜனங்கள் விடவில்லை. இளையராஜாவுக்கு 1976-ல் வந்த "அன்னக்கிளி" எப்படியோ, அப்படி!

ஆக, முதல் வாய்ப்புக்காக ஏங்குகிறவனின் பாட்டு அது. 26 வருடம் கழித்து கடல் தாண்டிய ஒருவர் அதை எடுத்து, இடையிடையே தன் சொந்த வரிகளை "ராப்" ஆகக் கொட்டினார். அதுவே அவருக்கும் முதல் வாய்ப்பாகி விட்டது.

"அடுத்தவர் மெட்டில் ஏறிக்கொண்டு பெயர் வாங்குவது பெரிய காரியமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அணை கட்டியவர் இளையராஜா. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரை இதுவரை பாயாத வயலுக்குத் திருப்பி விட்டவர் யோகி பி.

"பாடுறானா, பேசுறானா?"

"ராப்" பாட்டு அமெரிக்காவில் பிறந்தது. நியூயார்க் நகரில் பிராங்ஸ் என்ற ஏழை எளியவர்கள் வாழும் பகுதியில், 1973-ம் ஆண்டு நடந்த ஒரு விருந்தைத்தான் அதன் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். ராகம் இழுப்பது குறைவு. தாளத்துக்குத் தகுந்தபடி வார்த்தைகளை மளமளவென்று அடுக்க வேண்டும். எதிராளியை மடக்க வேண்டும். மனதில் உள்ள குமுறலைக் கொட்ட வேண்டும்.

இதைக் கேட்டதும் வீட்டுப் பெரிசுகள், "என்னடா தம்பி இது, பாடுறானா, பேசுறானா?" என்று முகம் சுளிப்பது உண்டு.

ஆனால் தஞ்சாவூர்ப் பெரிசுகள் அப்படிக் கேட்கலாமா? கேட்கக் கூடாது!

ஏனென்றால் லாவணி பார்த்த மண் இது. மராட்டியர் ஆட்சிக் காலத்தில் தஞ்சைக்கு வந்து, தமிழோடு தமிழாக ஊறிப்போன கலை. மாசி மாதம் காமன் பண்டிகை வந்தால் கிராமத்தில் இரண்டு கட்சி எதிரெதிரே உட்காரும். சிவபெருமான் நெற்றிக் கண்ணைத் திறந்ததில் மன்மதன் எரிந்து விட்டான் என்பது ஒரு கட்சி. எரியவே இல்லை என்பது எதிர்க் கட்சி. எரிந்த கட்சி, எரியாத கட்சி!

கையில் "டேப்"பைத் தட்டிக் கொண்டு ஒருவர் கேள்வியை வீசுவார். அடுத்தவர் அங்கேயே, அப்போதே எசப்பாட்டுக் கட்டி பதிலடி கொடுப்பார். விடிய விடிய நடக்கும். பதில் சொல்லத் தடுமாறினால் ஊரே சிரிக்கும்.

நியூயார்க் தெருவில் இரண்டு "ராப்" பாடகர்கள் மோதிக் கொள்வதும் கிட்டத்தட்ட இதேதான். அங்கே மைக், இங்கே டேப். அவ்வளவுதான் வித்தியாசம்.

நாகையில் ஏறிய கப்பல்

சரி, தமிழில் முழு ஆல்பம் போட வேண்டும் என்ற எண்ணம் மலேசியாவில் ஏன் பிறந்தது?

அதற்கு நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டில் இருந்து ஏராளமானோர் ரப்பர் தோட்ட வேலைக்கு மலாயா போனார்கள். தஞ்சை, திருச்சி பக்கத்து ஜனங்கள் பலர் நாகையில்தான் கப்பல் ஏறினார்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அந்த முறை 1910-ல் ஒழிந்தது. பிறகு கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் பிடித்தார்கள். அதுவும் 1938-ல் நின்றது.

1926-ல் கட்டப்பட்ட "எஸ்.எஸ். ராஜுலா" கப்பலை நாகைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்த கப்பல். பிறகு "எம்.வி. சிதம்பரம்" ஓடியது. 1985-ல் நடுக்கடலில் அந்தக் கப்பலில் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பயணிகள் கப்பல் காலம் முடிந்தது.

போனவர்களின் பேரன், பேத்திகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். இலங்கையில் இருந்து மலாயா போன தமிழர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் மலாய், வேலைக்கு ஆங்கிலம், பக்கத்து வீட்டில் சீனம். தமிழ் எங்கே என்று தேட வேண்டிய நிலைமை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு இளைஞன் மேடை ஏறி தமிழில் "ராப்" பாடுவது வெறும் பொழுதுபோக்கு அல்ல. "நாங்களும் இருக்கோம்" என்று சொல்வது. "வல்லவன்" ஆல்பத்தின் வேகம் அங்கேதான் இருக்கிறது.

கப்பலில் கண்ணீரோடு போன தமிழ், 2006-ல் ஆல்பமாகத் திரும்பி வந்தது. தஞ்சாவூர் மினி பஸ்சிலும், டீக்கடையிலும், செல்போனிலும் பாடியது!

வாய்க்காலா, வரப்பா?

முதல் ஆல்பம் இப்படி ஓகோ என்று ஓடி விட்டால் அது வரமா, சாபமா?

அமெரிக்காவில் நாஸ் என்று ஒரு "ராப்" பாடகர். நியூயார்க்கில் அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1994-ல், 20 வயதில், "இல்மேட்டிக்" என்ற முதல் ஆல்பத்தை வெளியிட்டார். சுமார் 40 நிமிடம்தான். விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். விற்பனை மெதுவாகத்தான் ஏறியது. 10 லட்சத்தைத் தொட 2001 வரை ஆயிற்று.

ஆனால் அதன் பிறகு அவர் என்ன செய்தாலும் ஒரே கேள்விதான்: "இது இல்மேட்டிக் மாதிரி இருக்கா?" 1996-ல் வந்த இரண்டாவது ஆல்பம் வேகமாக விற்றது. அப்போதும் முதல் ஆல்பத்தோடுதான் ஒப்பிட்டார்கள். உலகப் புகழ் பெற்ற கிராமி விருது அவர் கைக்கு வந்தது 2021-ம் ஆண்டில். முதல் ஆல்பம் வந்து 27 வருடம் கழித்து!

முதல் ஆல்பம் வாய்க்கால் மாதிரி வழியும் காட்டும். வரப்பு மாதிரி தடுத்தும் நிறுத்தும்.

யோகி பி.க்கும் இரண்டும் நடந்தது. "வல்லவன்" அவருக்குக் கோடம்பாக்கத்தின் கதவைத் திறந்து விட்டது. அடுத்த வருடமே, 2007-ல், "பொல்லாதவன்" படத்தில் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தோடு சேர்ந்து பாடினார். எந்தக் குரலின் பாட்டை எடுத்துப் பெயர் வாங்கினாரோ, அந்தக் குரலோடு ஜோடி! பிறகு 2011-ல் "ஆடுகளம்", 2017-ல் அஜீத்தின் "விவேகம்", 2018-ல் ரஜினியின் "காலா" என்று வரிசையாகப் பாட்டு.

இவ்வளவுக்குப் பிறகும் "யோகி பி" என்றதும் ஜனங்கள் வாயில் முதலில் வருவது என்ன? "மடை திறந்து"தான்!

பின்னால் வந்த வெள்ளம்

ஆனால் ஒரு முதல் ஆல்பத்தின் பெருமையை, பாடியவரை மட்டும் வைத்து அளக்க முடியாது. பின்னால் யார் வந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

2012-ல் ஆதி, ஜீவா என்ற இரண்டு பேர் "ஹிப்ஹாப் தமிழா" என்ற பெயரில் "ஹிப் ஹாப் தமிழன்" ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதுவும் முதல் ஆல்பம். அதுவும் வெற்றி. 2015-ல் "ஆம்பள" படத்துக்கு இசை அமைத்து சினிமா இசை அமைப்பாளர்கள் ஆனார்கள். ஆதி பிறகு கதாநாயகனாகவும் ஆகிவிட்டார்.

2019-ல் அரக்கோணத்துக்காரர் அறிவு, "தெருக்குரல்" என்ற முதல் ஆல்பத்தோடு வந்தார். ஜாதிக் கொடுமையை, அதிகாரத்தைத் தட்டிக் கேட்ட ஆல்பம். 2021-ல் தீ என்ற பாடகியோடு அவர் பாடிய "எஞ்சாயி எஞ்சாமி" உலகம் சுற்றியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து விட்டு ஊர் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையைத்தான் அதில் அவர் வைத்திருந்தார். 2024-ல் வந்த அவருடைய ஆல்பத்தின் பெயரே "வள்ளியம்மா பேராண்டி"!

ரப்பர் தோட்டத்து நாட்டில் இருந்து ஒரு குரல். தேயிலைத் தோட்டத்துப் பாட்டியின் பேரனிடம் இருந்து இன்னொரு குரல். கடல் கடந்து உழைத்தவர்களின் கதையைச் சொல்ல "ராப்" வசதியாகி விட்டது.

கடைமடை வரைக்கும்...

டெல்டா விவசாயிக்குத் தெரியும். மேட்டூரில் எத்தனை ஆயிரம் கனஅடி திறந்தார்கள் என்பது பேப்பரில் வருகிற கணக்கு. "கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?" என்பதுதான் நிஜமான கேள்வி. நாகை, வேதாரண்யம் பக்கத்துக் கடைசி வயல் நனைந்தால்தான் திறந்ததற்கே அர்த்தம்.

பாட்டுக்கும் அதே கணக்குதான். எத்தனை ஆல்பம் விற்றது, என்ன விருது கிடைத்தது என்பதெல்லாம் அணைக் கணக்கு. கடைசி ஊரில் இருக்கும் ஒரு பையன், "நாமளும் நம்ம பாஷையில, நம்ம கதையைச் சொல்லலாம் போல இருக்கே" என்று நினைத்தானா? அதுதான் கடைமடைக் கணக்கு.

கும்பகோணம் பக்கமோ திருத்துறைப்பூண்டி பக்கமோ போனால், டீக்கடை பெஞ்சில் கையால் தாளம் போட்டபடி சொந்தமாக வரி கட்டும் பையன்களைப் பார்க்கலாம். தாத்தா அதை லாவணி என்பார். பேரன் "ராப்" என்பான். தண்ணீர் கடைமடைக்கு வந்து விட்டது!